டெக்னிக் காட்டாமல் கேம் வைத்தே ஜியு-ஜிட்சு சொல்லிக்கொடுப்பது: இது உண்மையில் வேலை செய்கிறதா?

நீலப்பட்டை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஜியு-ஜிட்சு (தரையில் மல்லுக்கட்டிப் பூட்டுப் போடும் கலை) கோச் கொஞ்ச காலமாக வகுப்பு எடுக்கும் விதத்தையே மாற்றிவிட்டார். முன்பெல்லாம் வார்ம்-அப், அப்புறம் இரண்டு மூன்று டெக்னிக், ஜோடி சேர்ந்து டிரில் (எதிர்ப்பில்லாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்வது), கடைசியில் ரோல் (நிஜமாக மோதிப் பார்ப்பது). இப்போது டெக்னிக் காட்டுவதே இல்லை. உள்ளே போனதும் ஜோடி பிரித்துவிட்டு ஒரு கேம் சொல்கிறார், அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருவர் மல்லாந்து படுக்க வேண்டும், இன்னொருவர் அவர் கால்களுக்கு முன்னால் மண்டியிட வேண்டும். மேலே இருப்பவர் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி 3 நொடி அழுத்திவிட்டால் வெற்றி. கீழே இருப்பவர் தன் முழங்காலையோ பாதத்தையோ நடுவில் விட்டு அதைத் தடுக்க வேண்டும். 2 நிமிடம் முடிந்ததும் இடம் மாற்றம். அடுத்த சுற்றில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவார்: கீழே இருப்பவர் கையால் எதையும் பிடிக்கக் கூடாது. அதற்கடுத்த சுற்றில் மேலே இருப்பவர் நின்றபடிதான் தொடங்க வேண்டும். வகுப்பு முழுக்க இப்படியே போகிறது.

இதில் எனக்கு நல்லதாகத் தெரிவது: புதிதாகச் சேர்ந்த வெள்ளை பெல்ட் ஆட்களின் கார்டை, அதாவது கீழே இருந்தபடி கால்களால் போடும் தடுப்பை, தாண்டுவது இப்போது சிரமமாக இருக்கிறது. உறுத்துவது: அவர்களில் யாருக்கும் ஒரு ஸ்வீப்பின் (கீழிருந்து எதிராளியைப் புரட்டி மேலே வருவது) பெயர்கூடத் தெரியவில்லை. டிரையாங்கிள் (கால்களால் கழுத்தை நெரிப்பது), ஆர்ம்பார் (முழங்கையை நீட்டிப் பூட்டுவது) மாதிரி நுணுக்கமான பூட்டுகளையும் இப்படியே கற்றுவிட முடியுமா? யாராவது நேரடி அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

மேட்வாசி

நான் வகுப்பு எடுப்பவன். முழுக்கக் கேம் முறைக்கு மாறியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கோச் செய்வதற்குப் பெயர் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்-லெட் அப்ரோச், சுருக்கமாக சிஎல்ஏ. அதாவது விதிகளால் கட்டுப்படுத்தி, விடையை மாணவனே தேடவைக்கும் முறை. இதன் பின்னால் இருப்பது எகலாஜிக்கல் டைனமிக்ஸ், அதாவது ஆளும் சூழலும் சேரும் இடத்தில்தான் திறமை உருவாகிறது என்ற சிந்தனை. ஜியு-ஜிட்சு உலகில் இதைப் பெரிதாகப் பேசவைத்தவர் அமெரிக்காவின் மேரிலாண்டில் ஸ்டாண்டர்ட் ஜியு-ஜிட்சு நடத்தும் கிரெக் சவுடர்ஸ். அவருக்கு முன்பே ஆஸ்திரேலியாவின் கிட் டேல், டெக்னிக்கை மனப்பாடம் செய்யாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் பின்னால் போனால், உயிருள்ள எதிர்ப்பு இல்லாத பயிற்சி பயிற்சியே இல்லை என்று மேட் தோர்ன்டன் என்ற கோச் பிடிவாதமாக நின்றார்.

அடிப்படைக் கருத்து இவர்களுக்கெல்லாம் முந்தையது. 1920-களில் சோவியத் நாட்டில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டெய்ன் என்ற உடலியல் ஆய்வாளர், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளர்களின் அசைவைப் படம் பிடித்து அளந்தார். கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியாக உளியின் மேல்தான் விழுகிறது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வேறு வேறு விதமாக அசைகின்றன. அதாவது அவர் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவில்லை, ஒரே பிரச்சனையைத் திரும்பத் திரும்பத் தீர்க்கிறார். எனக்கு இந்த முறையின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதை அப்படியே மேட்டுக்கு, அதாவது நம் பயிற்சி விரிப்புக்கு, கொண்டுவாருங்கள். பார்ட்னர் அசையாமல் படுத்திருக்க, கார்ட் பாஸை (கார்டைத் தாண்டுவதை) இருபது தடவை டிரில் செய்கிறோம். அந்த இருபது தடவையும் நாம் எதைக் கவனிக்கிறோம்? நம் கை எங்கே, கால் எங்கே என்பதைத்தான். நிஜ ரோலில் கவனிக்க வேண்டியது எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, அவர் முழங்கால் எப்போது தளர்கிறது, நம் கழுத்தில் எந்தப் பக்கம் இழுப்பு வருகிறது என்பதை. இந்தச் செய்தியெல்லாம் எதிர்ப்பு இருந்தால்தான் உடம்புக்கு வந்து சேரும். பார்ட்னர் மரம் மாதிரிக் கிடந்தால் அசைவு மட்டும் பழகும், அதை எப்போது செய்வது என்பது பழகாது. "டிரில்லில் அருமையாக வருது, ரோலில் வரவே மாட்டேங்குது" என்று வகுப்புக்கு வகுப்பு கேட்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

1986-ல் இயக்க ஆய்வாளர் கார்ல் நியூவெல் இதை ஒரு சட்டகமாக வைத்தார். ஆளின் உடல், சூழல், செய்ய வேண்டிய வேலை, இந்த மூன்றின் கட்டுப்பாடுகளுக்குள்தான் அசைவு உருவாகிறது என்றார். ஆளின் உயரத்தையும் எடையையும் கோச் மாற்ற முடியாது. வேலையை மாற்றலாம். கையால் பிடிக்கக் கூடாது என்று உங்கள் கோச் சொல்வது அந்த மாற்றம்தான். கை இல்லையென்றால் கால்கள் தானாகவே சுறுசுறுப்பாகும், இடுப்பு அசையத் தொடங்கும். "இடுப்பை அசை" என்று அவர் கத்தவே வேண்டியதில்லை.

பிடிவிடாதவர்

எதிர்க்கருத்து ஒன்று. கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் இந்தக் கலை உயிர்தான்.

இந்த முறை வருவதற்கு முன்பு சாம்பியன்களே இல்லையா? தலைமுறை தலைமுறையாக டிரில் செய்துதான் வந்திருக்கிறார்கள். ஜூடோக்காரர்கள் உச்சிகோமி (எறிதலின் நுழைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் டிரில்) போடுவதை நிறுத்தவே இல்லை. ஜான் டனஹரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மணிக்கணக்கில் விளக்குபவர். அவரிடம் பயின்ற கார்டன் ரயன் நோ-கி (கி என்ற சீருடை இல்லாமல் ஆடும்) உலகையே ஆண்டார். விளக்கம் வீண் என்றால் இது எப்படி நடந்தது?

இன்னொன்று. டிரையாங்கிளில் எதிராளியின் தோளை உள்ளே தள்ளி, கோணத்தை மாற்றி, காலை முழங்கால் மடிப்பில் பூட்டுவது யாரோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்தது. அதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் வைத்திருந்து, மாணவன் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது அவன் நேரத்தை வீணாக்குவது ஆகாதா?

கடைசியாக, ஹீல் ஹூக், அதாவது குதிகாலைப் பிடித்து முழங்காலை முறுக்கும் பூட்டு. இதில் முழங்காலில் வலி தெரிவதற்கு முன்பே தசைநார் போய்விடும். போட்டிகளை நடத்தும் ஐபிஜேஜேஎஃப் அமைப்புகூட 2021-ல்தான் இதை அனுமதித்தது, அதுவும் நோ-கியில் பிரவுன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும். இதையும் "கேம் ஆடிக் கற்றுக்கொள்" என்று விட முடியுமா?

மேட்வாசி

@பிடிவிடாதவர் நல்ல கேள்விகள். பின்னாலிருந்து வருகிறேன்.

ஹீல் ஹூக் விஷயத்தில் உங்கள் கவலைதான் என் கவலையும். ஆபத்தை நான் வாயால் நேரடியாகச் சொல்லிவிடுவேன்: எது எந்தப் பக்கம் திரும்பும், எப்போது டேப் அடிக்க (தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள) வேண்டும், எந்தப் பக்கம் உருண்டால் முழங்கால் போகும் என்று. இதைக் கண்டுபிடிக்க விடுவது பொறுப்பில்லாத வேலை. ஆனால் கேமை குதிகாலைப் பிடிப்பதற்கு முன்பே நிறுத்திவிடலாம். இருவரும் கால் பின்னிய நிலையில் தொடங்குவார்கள். தாக்குபவர் எதிராளியின் முழங்காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, அவர் காலை 5 நொடி வெளியே எடுக்க முடியாமல் வைத்திருந்தால் வெற்றி. மற்றவர் முழங்காலை வெளியே உருவினால் அவருக்கு வெற்றி. குதிகாலை யாரும் தொடவே மாட்டார்கள். ஹீல் ஹூக்கில் பெரும்பகுதி வேலை காலைக் கட்டிவைப்பதுதான், முறுக்குவது கடைசி நொடி. அந்தப் பெரும்பகுதியை முழு எதிர்ப்போடு, காயமில்லாமல் பழகிவிடலாம்.

ஆர்ம்பார், டிரையாங்கிள் இரண்டும் இதே மாதிரிதான். மவுண்டில், அதாவது எதிராளியின் மேல் ஏறி உட்கார்ந்து, எதிராளியின் ஒரு கையை ஏற்கனவே நெஞ்சோடு அணைத்த நிலையில் தொடங்கச் சொல்வேன். மேலே இருப்பவர் அந்தக் கையை நேராக்கி நிறுத்தினால் போதும், வளைக்க வேண்டாம். கீழே இருப்பவர் முழங்கையைத் தரையில் ஊன்றிவிட்டால் அவருக்கு வெற்றி. முதல் சில சுற்றுகளில் எல்லாரும் கையை மட்டும் பிடித்து இழுப்பார்கள், வராது. அப்புறம் யாரோ ஒருவர் எதிராளியின் தலைக்கு மேல் காலைப் போட்டதும் அவர் எழ முடியாமல் போவதைக் கவனிப்பார். இன்னொருவர் முழங்கால்களை நெருக்கியதும் முழங்கை நழுவாமல் நிற்பதைக் கவனிப்பார். அந்த நேரத்தில் "முழங்கால் இரண்டையும் நெருக்கிப் பார்" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், அந்த வார்த்தை உடனே ஒட்டும். பிரச்சனையைத் தொட்டுப் பார்த்தவனுக்குச் சொன்ன விடை அது. பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்கு, எப்போது பேசுகிறோம் என்பதுதான் விஷயம்.

சாம்பியன்கள் பற்றி. அவர்கள் டிரில் மட்டும் செய்தவர்கள் இல்லை. ஆயிரக்கணக்கான மணிநேரம் ரோல் செய்தவர்கள். டனஹரின் அறையிலேயே குறிப்பிட்ட நிலையிலிருந்து தொடங்கும் ஸ்பாரிங் நிறைய நடந்தது. அவர்களை உருவாக்கியது டிரில்லா, ஸ்பாரிங்கா என்று சாம்பியனைப் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. அதே டிரில்லைச் செய்து பாதியில் விட்டுப் போன நூறு பேரை நாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஜூடோவைச் சொன்னீர்கள். 1882-ல் கோடோகன் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, கட்டாவுக்கு (வரையறுத்த அசைவுப் பயிற்சி) இணையாக ரண்டோரிக்கு (எதிர்ப்போடு மோதும் பயிற்சி) இடம் கொடுத்தார். எதிர்க்கும் ஆளோடு மோதிக் கற்பதுதான் அவர் பள்ளியை மற்ற பள்ளிகளிலிருந்து தனித்துக் காட்டியது. 1914-ல் ஜூடோக்காரர் மிட்சுயோ மேடா பிரேசிலுக்குக் கொண்டுபோனதும் அந்த வழியில் வந்த வித்தைதான். அந்த வகையில் கேம் முறை இந்தக் கலைக்கு அந்நியமானது இல்லை.

அசைவியல்

மோட்டார் லேர்னிங் (உடல் அசைவுகளை எப்படிக் கற்கிறோம் என்ற துறை) படிப்பவன், பர்ப்பிள் பெல்ட். ஒரு எச்சரிக்கையும் ஒரு ஆதரவும்.

ஆதரவு: 1979-ல் ஷே, மோர்கன் என்ற இருவர் செய்த சோதனை இந்தத் துறையில் எல்லாரும் படிப்பது. சில கையசைவுப் பணிகளை ஒரு குழு ஒன்று முடிந்து ஒன்றாகத் தொகுதி தொகுதியாகச் செய்தது. இன்னொரு குழு கலந்து கலந்து செய்தது. பயிற்சி நேரத்தில் முதல் குழுதான் வேகமாக முன்னேறியது. பிறகு நினைவில் எவ்வளவு நிற்கிறது என்று சோதித்தபோது கலந்து செய்தவர்களே முந்தினார்கள். பயிற்சியின்போது சுலபமாக வருவதும், கற்றது நிலைப்பதும் வேறு வேறு விஷயம். டிரில் முடித்துவிட்டு "இன்று நன்றாகக் கற்றேன்" என்று தோன்றும் அந்த உணர்வை அப்படியே நம்பிவிடக் கூடாது.

எச்சரிக்கை: அந்தச் சோதனையில் இருந்தது மரத் தடுப்புகளைக் கையால் தட்டி வீழ்த்தும் எளிய வேலை. அதிலிருந்து ஒரே தாவலில் பெரிம்போலோ மாதிரி சிக்கலான உருளல் வித்தைக்கு வர முடியாது. இன்னொன்றும் உண்டு. கலந்து பயிற்சி செய்வதன் பலனை விளக்கும் ஆய்வாளர்களில் பலர், மூளையில் சேமித்த நிரல், நினைவு என்றுதான் விளக்குகிறார்கள். எகலாஜிக்கல் தரப்பு அந்த விளக்கத்தையே ஏற்பதில்லை. உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் வழியில் வந்தவர்களுக்குப் புலனும் செயலும் ஒன்றோடொன்று பிணைந்தவை, நடுவில் சேமிப்பு தேவையில்லை. ஆகவே இரண்டு தரப்பின் சான்றுகளையும் ஒரே கூடையில் போட்டு "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று பேசுவதைத் தவிர்ப்போம். மேட்டில் பயன் தெரிகிறதா என்று பார்ப்பதே நேர்மை.

ஐம்பதுகிலோ

தத்துவம் இருக்கட்டும், ஒரு நடைமுறைப் பிரச்சனை சொல்கிறேன். என் எடை என் பெயரிலேயே இருக்கிறது. வகுப்பில் பெண்கள் குறைவு, அதனால் பெரும்பாலும் என்னைவிட முப்பது கிலோ அதிகமான ஆட்களோடுதான் ஜோடி. "நெஞ்சோடு நெஞ்சு ஒட்டினால் வெற்றி" என்ற கேமில் அவர் வந்து விழுந்தாலே போதும், ஆட்டம் முடிந்தது. அவரும் எதுவும் கற்கவில்லை, எனக்கும் ஒன்றும் இல்லை. விலா எலும்பு வலி மட்டும் மிச்சம். டிரில் செய்த காலத்தில் குறைந்தபட்சம் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு விஷயம், புதியவர்கள். "வெற்றி" என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் வெறி பிடித்த மாதிரி ஆகிவிடுகிறார்கள். அண்ணா, இதற்கெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

மேட்வாசி

@ஐம்பதுகிலோ இது கேம் முறையின் குறை இல்லை, அந்தக் கேமை உங்கள் ஜோடிக்குத் தகுந்தபடி மாற்றாததன் குறை. ஒரே கேமை வகுப்பு முழுவதற்கும் ஒரே மாதிரி வைக்கும் கோச் பாதி வேலைதான் செய்கிறார்.

உங்கள் ஜோடிக்கு நான் வெற்றியின் வரையறையை மாற்றுவேன். அவர் நின்றபடி தொடங்கட்டும். நெஞ்சை ஒட்டினால் வெற்றி கிடையாது. உங்கள் கால்களைச் சுற்றி வந்து, முழங்காலைத் தரையில் ஊன்றாமலே உங்கள் தலையைக் கையால் தொட்டால்தான் வெற்றி. எடையை மேலே போட்டால் அவர் தோற்றதாகக் கணக்கு. இப்போது அவருக்கு எடை உதவாது, கால் நகர்வும் கிரிப்பும்தான் உதவும். அவருக்கும் அதுதான் தேவை, ஏனென்றால் தன் எடைக்காரரிடம் வெறும் பாரத்தைப் போட்டு ஜெயிக்க முடியாது. உங்களுக்கோ தூரத்தைக் காப்பது, கால் மாற்றுவது, இடுப்பைத் திருப்புவது என்று முழு 2 நிமிடமும் வேலை இருக்கும்.

புதியவர்களுக்கு முதல் சில வகுப்புகளில் மெதுவான கேம்தான். ஜெயிக்க வேகம் தேவைப்படாத இலக்கு வையுங்கள். பின்னாலிருந்து இடுப்பில் கால் கொக்கி போட்டு உட்கார்ந்திருப்பவர், தன் நெஞ்சு எதிராளியின் முதுகைவிட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. கழுத்தை யாரும் தொடக் கூடாது. துள்ளினால் ஒட்டுதல் விட்டுப்போகும், தோற்றுவிடுவார். நிதானமாக இருப்பவரே ஜெயிப்பார். "மெதுவாகச் செய், மெதுவாகச் செய்" என்று நூறு தடவை சொல்வதைவிட இது பலன் தருகிறது. அப்படியும் ஒருவர் அடங்கவில்லை என்றால் அவரைப் பழைய பெல்ட் ஒருவரோடுதான் ஜோடி சேர்ப்பேன். பாதுகாப்பில் சமரசம் இல்லை.

அசைவியல்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கேம் எதற்குப் பரிசு கொடுக்கிறதோ அதைத்தான் ஆட்கள் கற்பார்கள். நாம் நினைத்ததை அல்ல.

நீலப்பட்டை சொன்ன முதல் கேமையே பாருங்கள். கீழே இருப்பவர் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டாமல் தடுத்தால் போதும். அதற்கு மிகச் சுலபமான வழி என்ன? குப்புறத் திரும்பிவிடுவது. நெஞ்சு ஒட்டவே ஒட்டாது, கேம் அவர் பக்கம். நிஜப் போட்டியில் இது எதிராளிக்கு முதுகைத் தூக்கிக் கொடுப்பது. பாஸுக்கு 3 புள்ளி, பின்பிடிக்கு (முதுகுப் பக்கம் பிடிப்பதற்கு) 4 புள்ளி. 3-ஐத் தடுக்க 4-ஐக் கொடுக்கும் பழக்கத்தை இந்தக் கேம் நன்றாக ஊட்டிவிடும். நான் பயிற்சி செய்யும் இடத்தில் அப்படியே நடந்தது. வகுப்பில் கார்டைக் காப்பதில் கெட்டியாக இருந்தவர்கள் ரோலில் வரிசையாக முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "முதுகு காட்டினால் தோல்வி" என்று ஒரு வரி சேர்த்ததும் இரண்டு வகுப்புக்குள் அது நின்றது.

அதே மாதிரி, கீழே இருப்பவருக்குத் தடுப்பது மட்டுமே வேலை என்றால் அவர் மூடிய கார்டில் (எதிராளியின் இடுப்பைக் கால்களால் சுற்றிப் பூட்டி) கட்டிப்பிடித்து நேரத்தைக் கழிப்பார். அவருக்கும் தாக்கும் இலக்கு ஒன்று வேண்டும்: ஸ்வீப் செய்வதோ எழுந்து நிற்பதோ. டெக்னிக் காட்டும் கோச் ஒரு தவறான விவரம் சொன்னால் ஒரு டெக்னிக்தான் கெடும். கேம் வைக்கும் கோச் ஒரு விதியைத் தவறாக வைத்தால் வகுப்பே ஒரு கெட்ட பழக்கத்தை முழு வேகத்தில் பழகிவிடும். இந்த முறையில் கோச்சின் வேலை குறைவு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பிடிவிடாதவர்

இதை இப்படிச் சொன்னால் எனக்குப் புரிகிறது. என் எரிச்சலே, கேமை அறிவித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து போன் பார்க்கும் கோச்களைப் பற்றித்தான். அதற்குச் சித்தாந்தத்தைத் துணைக்கு இழுப்பதைப் பார்த்தால் பொறுக்க முடியவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் நான் நகர மாட்டேன். பெயர்கள் வேண்டும். ஸ்வீப்புக்குப் பெயர் தெரியாத மாணவன் வேறு ஜிம்முக்குப் போனால் திணறுவான். போட்டியில் மூலையிலிருந்து கோச் கத்தும்போது, "அண்டர்ஹூக் எடு, டாக்ஃபைட்டுக்கு வா" என்றால் புரிய வேண்டும். ஒரு கலைக்குச் சொல்வளம் என்பது அதன் நினைவு. அதை ஒரு தலைமுறை இழந்தால் அடுத்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நான் ஐந்து நிமிடம் காட்டிவிட்டு, மீதி நேரத்தை அந்த நிலையிலிருந்தே கேமாக விடுகிறேன். அது போதாதா?

மேட்வாசி

பெயர் விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். யாராவது கேமில் ஒன்றைச் செய்து ஜெயித்ததும், "இப்போது நீ செய்தது கத்தரி ஸ்வீப்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன். செய்தபின் வந்த பெயர் மறக்காது.

ஐந்து நிமிடம் முதலில் காட்டுவதில் எனக்கு இருக்கும் ஒரே தயக்கம்: காட்டிய உடனே எல்லாரும் அந்த ஒன்றையே செய்யப் பார்ப்பார்கள். எதிராளி வேறு வாசலைத் திறந்து வைத்திருந்தாலும் கண்ணில் படாது. உயரமான ஆளுக்கும் குட்டையான ஆளுக்கும் ஒரே விடை பொருந்தவும் செய்யாது. அதனால் அந்த ஐந்து நிமிடத்தை வகுப்பின் நடுவுக்குத் தள்ளிப் பாருங்கள். முதலில் இரண்டு சுற்று கேம், எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்த முட்டுக்கு மட்டும் காட்டுங்கள், பிறகு மறுபடி கேம். நீங்கள் காட்டுவது அப்படியேதான் இருக்கும். அவர்கள் கேட்கும் விதம் மாறிவிடும்.

நீலப்பட்டை

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. குப்புறத் திரும்பும் விஷயத்தைப் படித்ததும் திடுக்கிட்டுவிட்டேன், எங்கள் வகுப்பிலும் அதே கதைதான். கோச்சிடம் சொன்னேன். அவர் கோபப்படாமல், உடனே அடுத்த சுற்றில் "முதுகு காட்டினால் மேலே இருப்பவருக்கு இரண்டு வெற்றி" என்று மாற்றினார். மேலே இருந்தவர்கள் திரும்பவைக்கவே முயற்சி செய்ய ஆரம்பித்ததால் பாஸ் செய்யும் விதமும் மாறியது. இதுவரை நேராக அழுத்தியவர்கள் முழங்காலை ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கம் சுற்றி வந்தார்கள்.

இப்போது கடைசியாக ஒரு சந்தேகம். ஸ்டாண்ட்-அப்பில் (நின்றபடி மோதும்போது) எல்லாரும் குனிந்து தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், யாரும் டேக்டவுனுக்குள் போவதில்லை. அதற்கு எந்த மாதிரி கேம் வைக்கலாம்?

மேட்வாசி

முதலில் கீழே வீழ்த்துவதை இலக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விழும் பயத்தில்தான் குனிகிறார்கள். எதிராளியின் முழங்காலுக்குப் பின்பக்கத்தைக் கையால் தொட்டால் 1, பின்னால் போய் இடுப்பில் கை கோத்தால் 2. தரையில் கை ஊன்றினால் எதிராளிக்கு 1. குனிந்து நிற்பவரின் தலையைச் சட்டென்று கீழே இழுத்தால் கை ஊன்றிவிடுவார், அதனால் தானாகவே நிமிர்வார். நிமிர்ந்தால் கால் எட்டும் தூரத்துக்கு வரும். சின்ன இடத்தில், நாலுக்கு நாலு மீட்டர் போதும், இரண்டு சுற்று விட்டுப் பாருங்கள். தொடுவது சுலபமாக வர ஆரம்பித்ததும், தொட்ட காலைத் தரையிலிருந்து தூக்கி 3 நொடி வைத்திருக்கச் சொல்லுங்கள். வீழ்த்துவது அதற்கடுத்த வாரம்.